நாற்பத்தொன்றாம் நம்பருக்குப் பின்னால் நின்றவர்

கல்யாணப் பந்தியில் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பசித்தால் யாரும் நிற்பார்கள். நானும் கைக்குழந்தையோடு நின்றிருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்த அந்த ஆள் நிற்கிற விதம் வேறு. சாப்பிடுகிறவர் சாம்பார் சோற்றில் இருக்கும்போதே வந்து நாற்காலி முதுகில் கையை வைத்துவிடுவார். குனிந்து இலையைப் பார்ப்பார். ரசம் வந்ததும் இன்னும் கொஞ்சம் கிட்டே வருவார். பிறகு காதோரமாக, ரொம்ப மரியாதையாகக் கேட்பார்:

"மோர் வேணுங்களா, இல்ல போதுங்களா?"

இத்தனைக்கும் அவர் பரிமாறுகிறவர் இல்லை.

கெலமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் என் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு என் பின்கழுத்தில் பட்டது. அடுத்துப் பாயசம் வர இருந்தது. எனக்குப் பாயசம் என்றால் உயிர். இருந்தும் இலையை மூடிவிட்டு எழுந்தேன். நான் முழுதாக நிமிர்வதற்குள் நாற்காலியில் ஒரு கர்சீப் விழுந்தது. நீலக் கட்டம் போட்டது. தலைக்குத் தேய்த்த எண்ணெயும் வேர்வையும் ஊறி, துவைத்தாலும் போகாத ஒரு வாடை அதற்கு இருந்தது. அந்த வாடை இன்றைக்கும் எனக்கு நினைவு இருக்கிறது. சில மனிதர்களின் முகம் மறந்துவிடும், வாடை மறப்பதில்லை.

அவர் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஓசூரில் பாதிப் பேர், "அய்யோ, அவரா? தங்கமான மனுசனாச்சே!" என்பார்கள். எனக்கு அதைக் கேட்கிற பொறுமை இல்லை.

என் வீட்டுக்காரர் முனிரத்தினம் வேலை பார்த்த அதே கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸில் இருந்தார். நான் அங்கே கேன்டீனில் சமைத்தேன். எத்தனை பேர் வந்தாலும் சோறு குழைந்தது என்று ஒருத்தரும் என்னைச் சொன்னதில்லை. கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் கிரைண்டிங் பிரிவு ஆள் ஒருவர் பல வருடமாக உட்கார்ந்து வந்தார். அவர் வேலையை விட்டு உத்தனப்பள்ளி பக்கம் போய்த் தக்காளி போடப் போவதாகப் பேச்சு வந்தது. பேச்சுதான், முடிவாகவில்லை. அதற்குள் அந்த ஆள் தினமும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணே, தக்காளிக்கு இப்ப நல்ல நேரம்ணே, வுட்றாதீங்க" என்று ஓதிக்கொண்டே வருவார். கிரைண்டிங்காரர் ஒருநாள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை அந்த ஜன்னலில் நீலக் கர்சீப் கிடந்தது. அந்த வருடம் விலை போகாமல் தக்காளியை ரோட்டில் கொட்டினார்கள். "அடப்பாவமே" என்று இந்த ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து வருத்தப்பட்டார்.

இனி ஹாக்கிக்கு வருகிறேன். அதுதான் விஷயம்.

பொங்கல் கழிந்ததும் எங்கள் ஊரில் பத்து நாள் ஹாக்கி டோர்னமெண்ட் நடக்கும். பெரிய மைதானம் இல்லை, மண் தரைதான். மத்தியானம் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார்கள். சவுக்குக் கம்பில் பலகை கட்டிய கேலரி. பெங்களூர், சேலம் பக்கமிருந்தெல்லாம் டீம் வரும். என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கம்பெனி டீமுக்கு ரைட் ஹாஃப் ஆடியவர். கல்யாணமான புதிதில் என்னை சினிமாவுக்குக் கூட்டிப் போகாமல் ஹாக்கிக்குக் கூட்டிப் போனார். கோபத்தில்தான் உட்கார்ந்தேன். பிறகு அவரைவிட எனக்குத்தான் பைத்தியம் பிடித்தது. பந்தை நிறுத்திக் கோலுக்கு அடிக்கிற ஷார்ட் கார்னரில் யார் அடிக்கப் போகிறான், யார் சும்மா கையை ஓங்குகிறான் என்று அவருக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் சீசன் கார்டு. அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்திரண்டு. அந்த இரண்டு சீட்டுக்கும் மூன்று மணியிலிருந்து வேப்பமர நிழல் விழும். நிழல் சரியாக என் தோளோடு நின்றுவிடும். நாற்பத்துமூன்றாவது சீட் கொளுத்துகிற வெயில். அந்த நாற்பத்துமூன்று அந்த ஆளுடையது. என் தலை நிழல் விழுகிற இடத்தில் தன் முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். நான் திரும்பினால் அவரும் திரும்புவார். பத்து நாளும் என் நிழலை ஒருவர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

சீசன் கார்டில் பேர் இருக்காது. மஞ்சள் அட்டையில் சிவப்பு மையில் நம்பர் மட்டும்தான். கேலரிக்கு முதல் கால் நடுகிற அன்று கம்புக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டுவார்கள். பழைய கார்டைக் கொடுத்தவருக்குப் புதுக் கார்டு. வர முடியாதவர் தன் கார்டை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பினால், சீட்டையே அவருக்கு விட்டுக் கொடுத்ததாக அர்த்தம். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. கார்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையது சீட்.

எங்கள் இரண்டு சீட்டும் அதற்கு முன்னால் ஒரு தலைமையாசிரியருடையவை. அவருக்குக் கண் மங்கி மகளோடு மைசூருக்குப் போனார். போகும்போது என் வீட்டுக்காரர் கையில் கார்டுகளைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நான் கேசரி கிண்டினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் மற்றவரைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

வருடா வருடம் மார்கழி பிறந்ததும் அந்த ஆள் வீட்டுக்கு வருவார்.

"அக்கா, முட்டிக்கால் வலி எப்படி இருக்குது? கேலரி ஏற முடியுங்களா?"

"ஏறுவேன்."

"அண்ணனுக்கு பிபி சொன்னாங்களே?"

"மாத்திர போடறாரு."

"பாத்துங்க்கா. ஒடம்புதான் முக்கியம். ஹாக்கி எங்க போயிடப் போவுது?"

அவர் போனதும் என் வீட்டுக்காரர், "பாரு, பெத்த புள்ளகூட இப்படி விசாரிக்க மாட்டான்" என்பார். என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள். எதிர் டீம் கோல் போட்டால்கூடக் கை தட்டுவார்.

கொரோனா வந்தது. டோர்னமெண்ட் நின்றது. மைதானத்தில் காய்கறி மார்க்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். என் வீட்டுக்காரர் கீரை வாங்கப் போய் வெறும் பையோடு திரும்பி வந்தார்.

"கோல் வட்டத்துல முட்டகோசு குமிச்சி வெச்சிருக்கானுங்கோ" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கார்டுக்காரர்களுக்கு என்று போனில் ஒரு குரூப் இருந்தது. தினமும் அதில் இதே புலம்பல். அடுத்த வருடமாவது நடக்குமா? பழைய கார்டு செல்லுமா? ஆளுக்கு ஆள் இடம் விட்டு உட்கார வைத்தால் பாதி சீட் போய்விடுமே, யாருடையது போகும்? எங்களைப் போல இரண்டு சீட் ஒட்டி வைத்திருப்பவர்களைப் பிரித்துவிடுவார்களா? கமிட்டி செக்ரட்டரி, ரிட்டயர் ஆன பி.டி. மாஸ்டர். "பொறுங்க, பொறுங்க" என்பதைத் தவிர அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஆள் போன் போட ஆரம்பித்தார். வாரம் தவறாமல் வரும். எங்களிடம் தமிழில், "நல்லா இருக்கீங்களாக்கா? அண்ணனுக்கு சளி கிளி இல்லீங்களே?" கன்னடக்காரர்களிடம் "ஹேகிதீரா அண்ணா?" தெலுங்குக்காரர்களிடம் "பாகுன்னாரா அண்ணா?" ஊரே அடைந்து கிடந்தபோது மூன்று பாஷையில் நலம் விசாரிக்கிறாரே என்று குரூப்பில் அவருக்குக் கும்பிடு போட்டார்கள். எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று.

ஒருநாள் பிஸ்கட் கடை பாயிடம் ரஸ்க் வாங்கும்போது இதைச் சொன்னேன். அவர் சீட் எங்களுக்கு எதிர்ப் பக்கம், முழுக்க வெயில்.

"எனுக்கு ஒரு போனும் வரலியேம்மா" என்றார் பாய். "எங்க வரிசையில ஒருத்தருக்கும் வரல. நாங்க செத்தா வெயில்தான காலியாவும், அத எவன் கேப்பான்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போன் வந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நிழல் சீட் உள்ளவர்களுக்கு மட்டும் போன். பந்தியில் இலையை எட்டிப் பார்க்கிற அதே பார்வை, போன் வழியாக.

இரண்டாம் அலையில் என் வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. எனக்கும் லேசாக இருந்ததால் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார் அந்த ஆள். இரண்டு மாஸ்க், கையில் ஒரு பை சாத்துக்குடி.

"அக்கா, கமிட்டில பழைய கார்டெல்லாம் வாங்கி வெக்கறாங்கோ. வார கடசிக்குள்ள குடுக்கலன்னா அப்பறம் சீட்டு கெடையாதாம். அண்ணன் கார்ட குடுங்க, நான் சேத்துடறேன். அண்ணன் வந்து சீட்டு இல்லன்னா மனசு ஒடஞ்சிடுவாரு."

எனக்கு அப்போது புத்தி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தது. அலமாரியிலிருந்து இரண்டு கார்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

"உங்களது இருக்கட்டுங்க்கா" என்றார். "நீங்கதான் நல்லா இருக்கீங்களே."

அந்தச் சொல் காதில் விழுந்தது, மனதுக்குப் போகவில்லை. தகரத்துக்கு மேலே கையை நீட்டி, என் வீட்டுக்காரர் கார்டை நானே அந்த ஆள் கையில் வைத்தேன். எத்தனையோ பேருக்குப் புத்தி சொன்னவள் நான். கார்டைக் கையில் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்தவள். என் கையால் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் பிழைத்து வந்தார். பாதி ஆளாக வந்தார். நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். வந்த மூன்றாம் நாள் போன் அடித்தது. அவரே எடுத்தார்.

"முனிரத்தினம் வீடுங்களா? துக்கத்துக்கு நேர்ல வர முடியலீங்க. மன்னிக்கணும்."

"யாருக்குங்க துக்கம்?"

"முனிரத்தினம் அண்ணனுக்குத்தான்."

"நான்தான் முனிரத்தினம் பேசறன்" என்றார் இவர். அந்தப் பக்கம் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

குரூப்பைத் திறந்து பார்த்தால் இவர் படம். மாலை, விளக்கு எல்லாம் போட்டிருந்தது. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கண்ணீர் அஞ்சலி. கேலரியில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்த படத்தில் என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுத்திருந்தார்கள். ஓரத்தில் என் புடவைத் தோள் தெரிந்தது. முதலில் போட்டது அந்த ஆள்.

போன் போட்டுக் கேட்டேன்.

"யாரோ சொன்னாங்க்கா, நம்பிட்டேன். எனுக்கு துக்கம் தாங்கல, அதான் மொதல்ல போட்டுட்டேன். அண்ணனுக்கு ஆயுசு கெட்டி!"

"கார்டு எங்க?"

"அது கமிட்டில இருக்குதுங்க்கா. பத்திரமா இருக்குது."

பி.டி. மாஸ்டரைக் கேட்டேன். அவர் கமிட்டியில் கார்டு எதுவும் வாங்கவே இல்லை என்றார். "அவருதான் அண்ணன் போயிட்டாரு, கார்ட என் கையில குடுத்துட்டாங்கன்னு காட்டினாரு. எழுதி வெச்சிட்டேன். இப்ப அவரா மனசு வெச்சி திருப்பிக் குடுத்தாத்தாம்மா உண்டு." அவர் குரலில் வெட்கம் இருந்தது. வழி ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் இதற்குக் கோபப்படவில்லை. "பாவம், யாரோ தப்பா சொல்லியிருக்காங்க" என்றார். ஆனால் அதன் பிறகு ஒரே ஆசையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு மேட்ச்சு பாத்துட்டா போதும். என் சீட்டுல உக்காந்து." டாக்டர் வெயிலில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். எங்களுக்கு நிழல் என்றால் அந்த இரண்டு சீட்தான், அதில் ஒன்று என்னுடையது. என்னுடையதைத் தருகிறேன் என்றால், "நீ இல்லாம எதுக்கு?" என்பார். அடுத்த பொங்கலுக்கும் டோர்னமெண்ட் நடக்கவில்லை. நடக்கும், நடக்காது என்று ஒரு வருடம் இழுத்தார்கள். நான் சாமி கும்பிட்டது டோர்னமெண்டுக்காக. சிரித்தால் சிரியுங்கள்.

அதற்கு அடுத்த பொங்கலுக்குக் கால் நட்டார்கள். நான் என் கார்டோடு போனேன். கற்பூரத்துக்கு முன்னால் அந்த ஆள் இரண்டு கார்டைக் கொடுத்து இரண்டு புதுக் கார்டு வாங்கினார். அவருடைய நாற்பத்துமூன்று இனி மச்சினனுக்காம். எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"என் வீட்டுக்காரர் சாகல. கார்ட குடு."

"அக்கா, அண்ணனுக்கு இல்லாத சீட்டா?" என்று கையைக் கூப்பினார். "அண்ணன் வரட்டும். ராஜா மாதிரி உக்காரட்டும்." கார்டு சட்டைப் பையை விட்டு வரவில்லை.

முதல் மேட்ச்சுக்கு என் வீட்டுக்காரரை ஆட்டோவில் கூட்டிப் போனேன். கேலரியில் மூன்று பலகை ஏற அவர் மூன்று தரம் நின்றார். நாற்பத்தொன்றில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"வாங்கண்ணே, வாங்க! உங்களுக்குத்தான் புடிச்சி வெச்சிருந்தேன்!"

சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். "என்ன மனசுய்யா!" என்றார் ஒருவர். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். சூடு ஆறாத பலகையில் என் வீட்டுக்காரர் தன் சீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்தார்.

ஆட்டம் ஆரம்பித்தது. அந்த ஆள் போகவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பலகையின் முதுகுக் கம்பில் கை. சட்டைப் பையில் மஞ்சள் கார்டு எட்டிப் பார்த்தது. நான் ஹாக்கி பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாக எழும்பிய புழுதிக்கு என் வீட்டுக்காரர் இருமினார். உடனே அந்த மூச்சு என் காதோரம் வந்தது.

"அண்ணனுக்கு இருமல் இன்னும் வுடலீங்களாக்கா? போதும்னா சொல்லுங்க, ஆட்டோ கூப்புடறேன்."

நான் எழுந்து திரும்பி நின்றேன். சத்தமாகவே சொன்னேன்.

"மோர் இன்னும் வரல தம்பி. தள்ளி நில்லு. அந்தக் கார்ட எடு."

கை தட்டினவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "எதுக்குங்க்கா, நமக்குள்ள" என்று சிரித்தார். நான் கையை நீட்டினேன். நீட்டினபடியே நின்றேன். மைதானத்தில் ஷார்ட் கார்னருக்கு விசில் அடித்தார்கள், அப்போதும் மடக்கவில்லை. எதிர்ப் பக்கத்து வெயிலிலிருந்து பிஸ்கட் கடை பாய் குரல் வந்தது.

"குடுத்துடுய்யா! அம்மா கை வலிக்கும்ல?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வேலை செய்தது. கார்டை எடுத்து என் கையில் வைத்தார். வேர்வையில் நனைந்து, அதே எண்ணெய் வாடை. முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்து என் வீட்டுக்காரர் பையில் வைத்தேன்.

"மறைக்காத, உக்காரு" என்றார் அவர். "அடிக்கப் போறான்."

உட்கார்ந்தேன். அடிக்கிறவன் சும்மா கையை ஓங்கினான், வேறொருவன் தள்ளிவிட்டான், கோல். என் வீட்டுக்காரர் கை தட்டினார். எதிர் டீம் கோல்தான்.

அந்த ஆள் அதற்குப் பிறகும் போகவில்லை. ஆட்டம் முடியும் வரை பின்னால் நின்றார். கடைசி விசில் அடித்தது. கேலரி காலியாகி, மைதானத்துக் கொடியையும் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் என் வீட்டுக்காரரைக் கை கொடுத்து எழுப்பினேன். அவர் என் தோளைப் பிடித்து மெதுவாக நிமிர்ந்தார். வேட்டியைச் சரி செய்வதற்குள் பலகையில் நீலக் கர்சீப் விழுந்தது.

மைதானத்தில் ஒருவரும் இல்லை. நிழலும் போய் எல்லா சீட்டும் ஒன்றாகத்தான் இருந்தது. கேலரி முழுக்கக் காலி.